பன்னிரண்டா, பத்தொன்பதா

டாக்டர் ரென்ஸ்கே ஊசியை எடுத்து மேசைமேல் வைத்தபோதும் ரூலிக்குப் புருஷன்மேல் இருந்த கோபம் ஆறவில்லை.

ஒரு வாரம். அவள் கேட்டது அவ்வளவுதான்.

ஹார்முக்குக் கணையத்தில் புற்றுநோய். குரோனிங்கன் பெரிய ஆஸ்பத்திரி வரை போய் வந்தும் பலனில்லை. நாற்பது வருடம் அந்த ஊருக்கே ரொட்டியும் கேக்கும் சுட்ட மனுஷர், ஒரு வாய்க் கஞ்சி இறங்காமல் கூடத்துக் கட்டிலில் கிடந்தார். போதும், ஊசி போட்டு முடித்துவிடுங்கள் என்று முடிவெடுத்தது அவர். இரண்டு டாக்டர்கள் தனித்தனியாக உட்கார்ந்து அவரோடு பேசி, அந்த நாட்டுச் சட்டப்படி எல்லாம் சரி என்று எழுதியாயிற்று. ரூலியும் தலையாட்டிவிட்டாள். அதில் அவளுக்குச் சண்டை இல்லை.

சண்டை தேதியில்தான்.

அதே ஊரில் வளர்ந்த ரென்ஸ்கேவுக்கு வியாழன்தான் கிளினிக் இல்லாத நாள். இந்த வேலையை அன்றுதான் வைத்துக்கொள்வாள்; முடித்துவிட்டு இன்னொரு நோயாளி முன்னால் போய் உட்கார முடியாது என்பாள். மார்ச் பன்னிரண்டு இல்லையென்றால் பத்தொன்பது, எது வேண்டுமோ சொல்லுங்கள் என்றாள். அதற்கு மேல் தள்ளினால் அவருக்குத் தெளிவு இருக்குமா என்பது சந்தேகம். அவர் தன் வாயால் கேட்காமல் எதுவும் நடக்காது.

பத்தொன்பது என்று ரூலி முந்திக்கொண்டாள். ஹார்முக்கு அப்போது இன்னும் நடக்க முடிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்குப் போனார். வெளியே வந்து, பன்னிரண்டு என்றார்.

ஏன் என்று பத்து நாளாகக் கேட்டாள். அழுதும் பார்த்தாள். உன் காதில் போடுவதும் கடைத்தெருவில் போடுவதும் ஒன்றுதான் என்று சிரித்தாரே தவிர, காரணத்தைச் சொல்லவில்லை. ஐம்பது வருடம் கூட வாழ்ந்தவளோடு இன்னும் ஏழு நாள் இருக்கக் கசந்துவிட்டது என்று அவளே முடிவு கட்டிக்கொண்டாள்.

டாக்டர்மேலும் கோபம்தான். வந்தவளுக்குக் காபி கொடுத்து, பாதாம் பிஸ்கட் ஒன்றை வைத்து டப்பாவை மூடினாள். யார் வந்தாலும் அவள் கொடுப்பது ஒரே ஒரு பிஸ்கட்தான். ஆனால் இன்று மூடிய சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்டது.

ரென்ஸ்கே கட்டிலருகே குனிந்து கடைசி முறையாகக் கேட்டாள். வேண்டும் என்றார் ஹார்ம், தெளிவாக. பிறகு அவள் விரல்களைப் பார்த்தார்.

"கை நடுங்குது பாரு. கேக்குல பேரு எழுதறவனுக்கு இப்படி நடுங்கினா அன்னிக்கே வேலை போயிருக்கும்."

டாக்டர் சிரித்துவிட்டாள். நடுக்கம் நின்றது. சாகப்போகிறவர் அவளுக்குத் தைரியம் கொடுக்கிறார். அவ்வளவு கோபத்திலும் ரூலிக்குப் பெருமையாக இருந்தது. அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஊசி ஏறிய சில நிமிடங்களில் அந்தக் கை கனத்துப்போனது.

இனி நகராட்சி மருத்துவர் வந்து பார்த்துச் சான்று எழுத வேண்டும். அதுவரை ரென்ஸ்கே அங்கேயே இருக்க வேண்டும். ரூலி கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். அந்தச் சின்ன வீட்டில் தனியாக அழ வேறு இடமில்லை.

எதிர்ச் சுவரில், ஊரில் எல்லார் வீட்டுக் கழிவறையிலும் தொங்குகிற மாதிரி, பிறந்தநாள் காலண்டர். இவர்கள் வீட்டில் மட்டும் கொஞ்சம் பெரியது. வாடிக்கைக்காரர்கள் அத்தனை பேரின் பெயரும், யாருக்கு என்ன கேக் என்பதும் ஹார்மின் கையெழுத்தில் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. பேக்கரியை மூடிய பிறகு அவள் அதை நின்று படித்ததில்லை.

மார்ச். பன்னிரண்டுக்கு நேரே ஒன்றுமில்லை.

பத்தொன்பதுக்கு நேரே, முப்பது வருடத்து மை மங்கியிருந்தது. ரென்ஸ்கே. மோக்கா கேக். பாதாம் கூடாது.

ரூலி கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தாள்.

முகம் கழுவி வெளியே வந்தபோது டாக்டர் ஜன்னலோரம் நின்றிருந்தாள். காபி ஆறிப்போயிருந்தது. பிஸ்கட்டைத் தொடவே இல்லை.

"பத்தொன்பதுக்கே வெச்சிருக்கலாம். எனக்கு ஒரு சிரமமும் இல்லைன்னு அவர்கிட்ட ரெண்டு தடவை சொன்னேன்."

ரூலிக்குக் காரணம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஐம்பது வருடத்தில் முதல் தடவையாக அதை விழுங்கினாள்.

"இன்னிக்குத்தான் தோதுன்னு சொல்லிட்டாரும்மா."

பாதாம் பிஸ்கட்டைத் தட்டிலிருந்து எடுத்தாள். டப்பாவைத் திறந்து, பாதாம் இல்லாததாகத் தேடி இரண்டு வைத்தாள். மூடியைத் திரும்பப் போடவில்லை.