யாருடைய கொழுப்பு?

உடல்பருமன் ஆராய்ச்சியில் ஒப்பீட்டுக்காக, புனேயிலிருந்த அந்த ஆய்வகத்தார் எல்லாரும் தங்கள் வயிற்றுக் கொழுப்பை ஊசியால் எடுத்துக் கொடுத்திருந்தார்கள். மாதிரிகளில் எண் மட்டுமே இருக்கும்; யாருடையது எது என்று பார்ப்பவருக்குச் சொல்லக்கூடாது என்பது விதி. கேதகி நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"ஹேரம்ப், நோய் எதிர்ப்பு செல்லெல்லாம் கொழுப்பை வளைச்சுக்கிட்டு நிக்குது. ஒரே அழற்சி. இப்படியே விட்டா சர்க்கரை நிச்சயம். இது உன்னுதேதான்!"

அங்கேயே வேலை பார்க்கும் அவளுடைய தொந்திக் கணவன் தன் வயிற்றைத் தடவிக்கொண்டான்.

"இனிமே வடாபாவ் தின்னக் கூடாது. தினம் காலையில பர்வதிக் குன்று ஏறணும்."

"ஏறறேன். நீயும் வா."

"ஈர்க்குச்சி மாதிரி இருக்கறவளுக்கு நடை எதுக்குடா?"

அவன் விதியை மீறினான். "எண் ஒட்டினவன் நான், கேதகி. இது உன்னுது."

அவள் மறுபடி குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்றாள்.