கைத்தடிக்கும் சோதனை

“கைத்தடியையும் மிஷின்ல போடுங்க.”

விமான நிலையச் சோதனைக்காரி தலை நிமிராமலே சொன்னாள்.

“என் மனைவிக்கு முட்டி ஆபரேஷன் ஆகி ரெண்டு மாசம்தாம்மா ஆகுது. தடி இல்லாம நிக்க முடியாது,” என்றார் வரிசையில் நின்ற பெரியவர்.

“நிக்க முடியாதவங்க வீட்டுல இருக்கணும். ம், சீக்கிரம்!”

தடி உள்ளே போனது. மனைவி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் தள்ளாடினாள். அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஒரு நாற்காலியாவது குடு.”

“நாற்காலி கேக்குறவங்களத்தான் ரெண்டு தடவ சோதிக்கணும்.”

“நீயெல்லாம் ஒரு மனுஷியா? எந்த மடையன் உனக்கு இப்படிச் சொல்லிக் குடுத்தான்?”

“வாய அளந்து பேசுங்க. எங்க ட்ரெய்னிங் மாஸ்டர் தங்கமான மனுஷன். போன மாசம்தான் ரிட்டையர் ஆனாரு. ‘பயணி மூஞ்சியப் பாக்காதே, பாத்தா மனசு இளகிடும், மிஷின்ல போற தட்ட மட்டும் பாரு’ன்னு முதல் நாளே சொல்லிட்டாரு.”

மனைவி மெதுவாகத் திரும்பி அவரை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள்.

“இருபது வருஷமா இந்தப் பாடத்தத்தான் நடத்துனீங்களா?” என்று காதோரம் சீறினாள்.

அவர் அவசரமாகத் தட்டிலிருந்து பெல்ட்டை அள்ளிக்கொண்டார்.

நல்லவேளை, சோதனைக்காரி இன்னும் தலை நிமிரவில்லை.