துருவம் போய் வந்த கல்

கடைசிக் காலையிலும் அவர் வாசற்கதவு மூடிக்கொள்ளாமலிருக்கத் தென்துருவக் கல்லை முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் மனைவியிடம் காப்பி கேட்டார். அது வந்தபோது குடிக்க உயிரோடு இல்லை. இன்று, அவரோடு தென்துருவ ஆய்வு நிலையத்தில் பனியில் வேலை பார்த்த இருவர் அந்தக் கல்லைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரிக்கிறார்கள். வெயில் அதன் முதுகில் சாய்ந்து கிடக்கிறது. "அண்ணி, இது துருவக் கல்லே இல்ல. அஸ்திவாரம் போட இங்கேருந்து கப்பல்ல ஏத்திட்டுப்போன கருங்கல்லு! அண்ணன் கம்பளியில சுத்தி, கைக்குழந்தை மாதிரி திரும்பத் தூக்கிட்டு வந்தாரு" என்கிறார் நிலையத்துச் சமையல்காரர். மெக்கானிக் பையிலிருந்து செம்பழுப்புக் கல் ஒன்றை எடுக்கிறார். "அசல் இதுதான். அதைத் தூக்கிப் போட்டுட்டு இதை வைங்க." சிரித்துச் சிரித்து நனைந்த கண்ணோடு மனைவி எழுந்து, பழைய கல்லின்மேல் பாதத்தை ஊன்றுகிறாள். "அவரோட போச்சு, அவரோட வந்துச்சு. எவனாவது கை வச்சுப் பாருங்க!" காற்று கதவைத் தள்ளுகிறது. கதவு திறந்தே நிற்கிறது.