சும்மா இருக்கும் நிலம்

“எங்க தாத்தா காலத்துலேர்ந்து இங்க ஒரு அதிர்வுகூட வந்ததில்ல. நிலம் சும்மாதானேம்மா இருக்கு? கையெழுத்தப் போடுங்க, நாளைக்கு பூமிபூஜை” என்றார் அதிகாரி. பூகம்பம் பிறக்கக்கூடிய நிலப்பிளவின் மேலேயே ஆஸ்பத்திரி எழும்ப, நிலவியலாளர் மீனலோசனியின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அந்தச் ‘சும்மா’ அவளைச் சுருக்கென்று தைத்தது. பிளவுக்கு இருபுறமும் தள்ளி அவள் நட்டுவைத்த கம்பங்கள் ஆண்டுதோறும் எதிரெதிராக நகர்கின்றன. நடுவில் உள்ள பாறை மட்டும் பிடித்த பிடியை விடாமல் உள்ளுக்குள் வளைந்துகொண்டே இருக்கிறது.

மேசைமேல் கிடந்த பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்து, வில்லாக வளைத்து, அப்படியே அவர் கைகளில் கொடுத்தாள்.

“விட்டுடாதீங்க சார்.”

“எதுக்கும்மா இது?”

“சும்மாதான்.”

அவர் விரல்நுனிகள் வெளுத்தன. ஸ்கேலின் நடுவே மெல்லிய வெள்ளைக்கோடு ஒன்று ஓடியது.

“இது எப்ப உடையும்?”

“அது எனக்குத் தெரியாது. எவ்வளவு வளைஞ்சிருக்குன்னுதான் சொல்ல முடியும்.”

அவர் கண்ணை இடுக்கி, முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். மீனலோசனி பேனாவை மூடிப் பைக்குள் போட்டுவிட்டு, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“ஏன் சார் பயப்படறீங்க? இன்னும் கொஞ்சம் வளைங்க. சும்மாதானே இருக்கு.”