எதிர்காற்று

"யாராவது ஒருத்தர் இறங்கியே ஆகணும்" என்றார் பைலட்.

ஒன்பது பேர் உட்காரும் குட்டி விமானம். ஒன்பது பேரும் ஆணி அடித்தாற்போல் அசையாமல் இருந்தார்கள்.

"எதிர்காத்து பலமா இருக்கு. ஒரு மணி நேரத்துல போற தூரம், இன்னிக்கு ஒன்றரை ஆகும். அதுக்கு எரிபொருள் கூடுதலா போட்டாச்சு. பெட்டியெல்லாம் இறக்கியும் எடை இடிக்குது. அந்த ஏர்போர்ட்ல விளக்கு கிடையாது, இருட்டறதுக்குள்ள இறங்கணும். சீக்கிரம் முடிவு பண்ணுங்க. இல்லேன்னா இன்னிக்கு யாருமே போக முடியாது."

அடுத்த விமானம் நாளைக்குத்தான். தரைவழி என்றால் மலையைச் சுற்றி இரண்டு நாள்.

"ஐயோ, என் பொண்ணுக்கு இன்னிக்கு ராத்திரி ஆபரேஷன்! யாராவது இறங்குங்களேன்!" முன் சீட்டுப் பெண் கையெடுத்துக் கும்பிட்டாள்.

நடு சீட்டில் இருந்த பள்ளிக்கூட வாத்தியாருக்கு மனசு பதறியது. நாமே இறங்கினால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றிய வேகத்தில் அடங்கியும் போனது. அங்கே சகலை காரோடு வந்து காத்திருப்பாரே!

பின் சீட்டைப் பார்த்தார். ஒரு கனத்த ஆசாமி, பெல்ட் எட்டாமல் திணறிக்கொண்டிருந்தார்.

"ஏன் சார், நீங்க இறங்கினா ரெண்டு பேர் இறங்கின மாதிரி. கொஞ்சம் பெரிய மனசு பண்ணக் கூடாதா?"

"அதானே!" என்றார்கள் மற்றவர்களும்.

ஆசாமி திருதிருவென்று விழித்தார். எழுந்திருக்கவில்லை.

"அவரை ஒண்ணும் சொல்லாதீங்க!" அந்தப் பெண் சட்டென்று எழுந்துவிட்டாள். "நான் இறங்கிக்கறேன். நீங்க கிளம்புங்க, நேரமாகுது."

விமானம் காற்றில் குலுங்கிக் குலுங்கிப் பறந்தது. வாத்தியாருக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"அந்தப் பொண்ணைப் பெத்த தாயை இறக்கிவிட்டுட்டு எப்படிய்யா உட்கார்ந்திருக்கே? கல் நெஞ்சு!"

ஆசாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

பொழுது சாய்வதற்குள் எப்படியோ தரையைத் தொட்டார்கள். ஓரமாக ஆம்புலன்ஸ் நின்றது. நர்ஸ் ஓடி வந்தாள்.

"அந்தப் பொண்ணுக்கு ரத்தம் குடுக்கறவர் யாருங்க? அந்த வகை இங்க யாருக்குமே இல்ல. அவருக்காகத்தான் ஆபரேஷனே நிக்குது!"

"நான்தாங்க" என்றார் கனத்த ஆசாமி.

வாத்தியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "சார்... ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லிக்காட்டிக் குடுக்கற விஷயமா சார் இது?" ஆசாமி ஆம்புலன்ஸை நோக்கி ஓடினார்.

சகலை சிரித்தபடி வந்து தோளைத் தட்டினார்.

"சும்மா என்னைப் பார்க்க வர்றதுக்கு இந்தக் காத்துலயா ஏறி வரணும்? நாளைக்கு வந்தா குடியா முழுகிடப் போகுது?"