முந்திக்கொள்ளும் கை

மேகம் கவிந்த மதியம். வடக்குப்பட்டில் வீட்டையொட்டிய தகரக் கொட்டகையில் பழைய காரின் இன்ஜின் தடதடக்கிறது. தமிழ்வாணன் குனிந்து, தீப்பொறி விழும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட்டைப் பிடிக்கிறான். அது மின்ன மின்ன, சுழலும் புல்லியிலுள்ள வெள்ளைக்கோடு அசையாமல் நிற்பதுபோல் தெரிகிறது; நிற்க வேண்டிய இடத்துக்கு ஒரு விரற்கடை தள்ளி. அந்த நேரத்தை மாற்ற டிஸ்ட்ரிபியூட்டரை மெல்லத் திருப்புகிறான். கோடு இடத்துக்கு வருவதற்குள் வலது கை ஸ்பேனரால் அதன் போல்ட்டை இறுக்கிவிடுகிறது. இது மூன்றாவது முறை. ஒன்பது வருடம் கம்பெனி அசெம்பிளி லைனில் அந்தக் கைக்கு இருந்தது போல்ட் இறுக்கும் இந்த ஒரே வேலைதான். அவனை வேலையிலிருந்து நிறுத்தி நாற்பது நாளாகிறது. வண்டி சரியானால் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி ஓட்டலாமென்று மனைவி கலைமதி இரண்டு வீடுகளில் சொல்லி வைத்திருக்கிறாள். “இன்னாங்க, லைட்டப் பாக்காம அதுக்குள்ள டைட் பண்ணிட்டீங்க?” என்கிறாள், ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருந்து. “லைன்ல நிக்கிற நெனப்பு வந்துட்ச்சி.” அவன் தளர்த்தி, மறுபடி திருப்புகிறான். அப்போது கம்பெனி ஷிப்ட் பஸ்ஸின் ஹாரன். கலைமதி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கிறாள். முன்பெல்லாம் அவனுக்காக நின்றுபோகும் தெருமுனையில் பஸ் வேகம் குறையாமல் கடக்கிறது. அவன் நிமிரவில்லை. போல்ட் மறுபடி இறுகியிருக்கிறது. “லூஸ் பண்ணுங்க,” என்கிறாள் மெதுவாக. கைதான் ஸ்பேனரை விடமாட்டேன் என்கிறது.