பாதி ஊஞ்சல்

“மேஸ்திரி, அந்தச் சுவர்ல கை வைக்காதீங்கன்னு நேத்தே சொன்னேன்ல?”

டொம் என்ற சத்தத்தில் கண் விழித்த வீட்டுக்காரர், சாய்வு நாற்காலியில் இருந்தபடியே கூடத்தின் பக்கம் குரல் கொடுத்தார். சத்தம் நின்றது. சுண்ணாம்புத் தூசி முன்னறை வரை மிதந்து வந்து, காலை வெயிலில் பொன்னாகச் சுழன்றது.

“சும்மா தட்டிப் பார்க்கிறாங்க,” என்று காபியை நீட்டினாள் மனைவி.

அவருடைய கனவு பாதியில் கலைந்திருந்தது. அதில் கூடத்து ஊஞ்சல் வீசி ஆடியது. நடுச்சுவர் தண்ணீர்போல விலகி அதற்கு வழி விட்டது. அந்தப் பக்கம் போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் ஊஞ்சலில் யாரோ ஒருவர் கூடுதலாக உட்கார்ந்திருந்தார்.

பழைய வீட்டைப் புதுசாக்க வந்திருந்த பெண், மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினாள். சமையல் மேடை, குளியலறை, மறைவான விளக்குகள் எல்லாவற்றுக்கும் அவர் தலையாட்டியாயிற்று. கூடம்தான் அவளுக்குப் பிடிபடவில்லை. தரையில் பதித்த பூ, பாதியோடு சுவருக்குள் போகிறது. வளைவும் பாதியில் நிற்கிறது. நாலு ஊஞ்சல் கொக்கி இருக்க வேண்டிய உத்தரத்தில் இரண்டுதான் இருக்கின்றன.

“இந்தச் சுவரைக் கட்டினவர் தூக்கத்துல கட்டினாரா சார்?”

“முழிச்சிக்கிட்டுதான் கட்டினேன்,” என்றார் அவர்.

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மனைவிதான் விளக்கினாள். அப்பா போன பிறகு அண்ணனும் தம்பியும் வீட்டை நடுவில் பிரித்துக்கொண்டார்கள். இவருக்கு இந்தத் தெருவில் வாசல், தம்பிக்குப் பின் தெருவில். அதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. மொட்டை மாடியில் துணி காயப்போடும் கொடி மட்டும் இன்னும் பொது. துணி காயும் வரை ஓரகத்திகள் இருவரும் அங்கே நின்று பேசுவது அவருக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துவிடுவார்.

டொம். மறுபடியும் சத்தம், இம்முறை தயங்கித் தயங்கி.

“இந்த மேஸ்திரிக்குக் காது கேக்காதா?”

“அந்தச் சுவரை எடுத்துடலாமேங்க. கூடம் பெரிசாகும், வெளிச்சமும் வரும்,” என்றாள் மனைவி.

“கூடம் பெரிசாகும். நான் சின்னவனாயிடுவேன்.”

மனைவி விடவில்லை. எவ்வளவு அலங்காரம் செய்தாலும் பாதி வீடு பாதி வீடுதான் என்றாள். அவர் காபியில் மிதந்த தூசியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வீடு முழுக்கக் கேட்கும்படி வெடித்தார்.

“எனக்கு மட்டும் ஆசையில்லையா? கண்ணை மூடினா அந்த ஊஞ்சல்தான் வருது. ஆனா இறங்கி வர்றது நானாவே இருக்கணுமா? அவன் ஒரே ஒரு தட்டு தட்டியிருந்தா, மிச்சச் சுவரை நானே இடிச்சிருப்பேன்.”

கூடத்தில் சத்தம் அடியோடு நின்றுபோனது.

அப்போது வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு, தோளில் பையும் கையில் சுத்தியலுமாக மேஸ்திரி உள்ளே வந்தார். வழியில் வண்டி பஞ்சராகிவிட்டதாம். இதோ இனிமேல்தான் வேலையைத் தொடங்க வேண்டும் என்றார்.

வீட்டுக்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் கூடத்துக்கு ஓடினார். நடுச்சுவரில் ஒரு செங்கல் அளவுக்குத் துளை. அதன் வழியே வந்த வெளிச்சம் தரையில் இருந்த பாதிப் பூவின் மேல் விழுந்திருந்தது.

துளைக்கு அப்பாலிருந்து குரல் கேட்டது.

“அண்ணா, கொஞ்சம் தள்ளி நில்லு. அடுத்த செங்கல் உன் பக்கம்தான் விழும்.”